ஒரு கம்பெனி எதை வேண்டாம் என்கிறது? கொங்கு மாணவர்களுக்கு வணிக உத்திப் படிப்பு வழிகாட்டி

திருப்பூர் காங்கேயம் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் நாலே மெஷின் உள்ள நிட்டிங் யூனிட் ஒன்று, நூலைப் பின்னித் துணியாக்கும் இடம். எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு ப்ராஜெக்ட்டுக்காக ஒரு நாள் அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் இரண்டு பேர் போன் செய்து, சாதா ஜெர்சித் துணி ஓட்டித் தர முடியுமா என்று கேட்டார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான். "இல்லீங்க, நம்மகிட்ட கோடு போட்ட துணி மட்டுந்தானுங்க. பக்கத்துல சொல்லி விடட்டுங்களா?"

வீடு தேடி வந்த வேலையை ஏன் விடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"நாலு மெஷினை வெச்சுக்கிட்டு நாப்பது மெஷின்காரரோட வெலைக்கு நிக்க முடியுமா கண்ணு? கோட்டுத் துணிக்கு நம்மளைத் தேடி வர்றாங்க. இதை ரெண்டு நாள் நிறுத்திப்போட்டு அதை ஓட்டுனா, தேடி வர்றவங்க வேற எடம் பாத்துக்குவாங்கல்ல?"

அதற்கு முந்தைய வாரம்தான் வகுப்பில் ஹார்வர்ட் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1996இல் எழுதிய கட்டுரையைப் படித்திருந்தோம். எதைச் செய்யாமல் விடுவது என்று தேர்ந்தெடுப்பதுதான் உத்தியின் சாரம் என்பது அதன் வாதம். படித்தபோது தலையாட்டினேன். புரிந்தது அந்த நிட்டிங் யூனிட்டின் பிளாஸ்டிக் நாற்காலியில்தான். வணிக உத்தி என்ற பாடத்தை முதன்முதலாக எடுக்கப்போகிற நம் ஊர் மாணவர்களுக்கு இதை எழுதுகிறேன். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் என்று எந்த ஊரில் நீங்கள் இருந்தாலும் இந்தப் பாடத்துக்கு வேண்டிய சரக்கு பஸ்ஸில் அரை மணி நேர தூரத்தில் இருக்கிறது.

சேர்வதற்கு முன்

பி.பி.ஏ. படிப்பவர்களுக்குக் கடைசி ஆண்டு வாக்கில் ஒரு தாளாக வரும். எம்.பி.ஏ.வில் மார்க்கெட்டிங், ஃபைனான்ஸ், உற்பத்தி, மனிதவளம் எல்லாம் ஒரு சுற்று முடிந்த பிறகு 'ஸ்ட்ராடஜிக் மேனேஜ்மென்ட்' என்ற பெயரில் வரும். பின்னால் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. மற்ற தாள்களில் ஒரு பிரிவின் கண்ணால் கம்பெனியைப் பார்க்கிறீர்கள். இதில் முதலாளியின் நாற்காலியில் உட்கார்ந்து மொத்தத்தையும் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் எம்.பி.ஏ. சேர்வதற்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வு உண்டு, ஐ.ஐ.எம்.களுக்கு கேட் (CAT) தேர்வு. நம் பகுதியில் கோவை பாரதியார் பல்கலைக்கழகம் 1982இலும், சேலம் பெரியார் பல்கலைக்கழகம் 1997இலும் தொடங்கப்பட்டவை. இரண்டின் கீழும், அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழும் நிறைய கல்லூரிகள் இருக்கின்றன. கல்லூரி தேடும்போது எல்லோரும் வேலைவாய்ப்பு விவரம் கேட்பார்கள். கேளுங்கள். கூடவே சீனியர் யாரையாவது பிடித்து, "உத்திப் பாடத்தை கேஸ் (ஒரு கம்பெனி சந்தித்த நிலைமையின் விவரம்) வைத்து விவாதித்து நடத்துகிறார்களா, நோட்ஸ் கொடுத்து முடிக்கிறார்களா?" என்றும் கேளுங்கள். விவாதமே இல்லாமல் நடத்தப்படும் இடத்தில் இந்தப் பாடம் வெறும் பட்டியலாகச் சுருங்கிவிடும்.

கையில் இருக்க வேண்டிய முன்னறிவு இரண்டே. லாப நட்டக் கணக்கு, ஐந்தொகை, பணவரவுச் செலவு அறிக்கை மூன்றையும் படித்து, "இந்தக் கம்பெனியின் பணம் எங்கே மாட்டிக்கிடக்கிறது?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிய வேண்டும். அப்புறம், நிலையான செலவு எது, ஓட்டினால் மட்டும் ஆகும் செலவு எது என்று பிரிக்கத் தெரிய வேண்டும். கணக்கில் பலவீனம் இருந்தால் சேர்வதற்கு முந்தைய விடுமுறையிலேயே சரிசெய்துகொள்ளுங்கள். ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையத் தளத்தில் அடிப்படைப் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

கட்டம் போடுவதைத் தள்ளிப்போடுங்கள்

முதல் வகுப்புகளிலேயே உங்களுக்கு நாலு கட்டப் படங்கள் கிடைக்கும். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று ஒன்று. பழைய பொருள் புதுப் பொருள், பழைய சந்தை புதுச் சந்தை என்று இகோர் ஆன்சாஃப் 1957இல் போட்டது ஒன்று. சந்தை வளர்ச்சியையும் சந்தைப் பங்கையும் வைத்து பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற ஆலோசனை நிறுவனம் கொண்டுவந்தது இன்னொன்று. பார்க்க எளிது, நிரப்பவும் எளிது. அதுதான் தொந்தரவே.

என் முதல் கேஸ் அறிக்கையில் பலம் என்று 9, பலவீனம் என்று 7, வாய்ப்பு என்று 8 குறிப்புகள் எழுதியிருந்தேன். எங்கள் ஆசிரியர் முழுவதும் படித்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்: "இதையெல்லாம் பார்த்துவிட்டு, நாளைக்குக் காலையில் அந்த முதலாளி எதை மாற்ற வேண்டும்?" என்னிடம் பதில் இல்லை. 'தரமான பொருள்', 'அனுபவம் மிக்க நிர்வாகம்' என்று எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும் சொற்களைத்தான் எழுதியிருந்தேன்.

அதனால் என் யோசனை: முதல் இரண்டு வாரம் கட்டங்களைத் தொடாதீர்கள். ஒரு கம்பெனியை எடுத்து, அது எடுத்த ஒரு முடிவைக் கண்டுபிடியுங்கள். செய்யக்கூடியதாக இருந்தும் செய்யாமல் விட்ட ஒன்றையும் கண்டுபிடியுங்கள். இரண்டுக்கும் காரணம் என்னவாக இருக்கும் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். கட்டங்கள் அதற்குப் பிறகு வந்தால் எதற்கு வருகின்றன என்று உங்களுக்கே தெரியும்.

தொழிலுக்கு எல்லை போடுவது

போர்ட்டர் 1979இல் ஹார்வர்ட் பிசினஸ் ரெவ்யூவில் எழுதிய ஐந்து விசைகள்தான் இந்தப் பாடத்தில் அதிகம் பயன்படும் கருவி. ஏற்கனவே இருக்கும் போட்டி, புதிதாக நுழைபவர்கள், சரக்கு கொடுப்பவர்கள், வாங்குபவர்கள், மாற்றுப் பொருள்கள். ஒரு தொழிலில் கிடைக்கும் லாபத்தை இந்த ஐந்தில் யார் எவ்வளவு உறிஞ்சுகிறார்கள் என்பது கேள்வி.

மாணவர்கள் தவறுவது ஐந்தை நிரப்புவதில் இல்லை, அதற்கு முன்பே. "திருப்பூர் பனியன் தொழில்" என்று தலைப்புப் போட்டுத் தொடங்கிவிடுவார்கள். அது ஒரு தொழில் இல்லை. உள்நாட்டில் ஜட்டி, பனியன் பிராண்டு விற்பவர் வேறு தொழிலில் இருக்கிறார். அவருக்கு விளம்பரமும் கடைக்காரர் கடனும்தான் கவலை. ஐரோப்பாவுக்கு டி-ஷர்ட் ஏற்றுமதி செய்பவர் வேறு தொழிலில் இருக்கிறார். அவருக்கு பையரும் ஷிப்மென்ட் தேதியும் டாலர் விலையும். நூல் வாங்காமல், பார்ட்டி (வேலை கொடுக்கும் வாடிக்கையாளர்) கொடுக்கும் நூலைத் துணியாக்கிக் கிலோவுக்குக் கூலி வாங்கும் நிட்டிங்காரர் மூன்றாவது தொழில். சாயப்பட்டறை, காம்பேக்டிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி ஒவ்வொன்றும் தனித்தனி. ஊர் ஒன்றாக இருப்பதாலேயே தொழில் ஒன்றாகிவிடாது.

எல்லை சரியா என்று பார்க்க நான் பயன்படுத்தும் சோதனை எளிது. இவர் வேலையை விட்டால் அதே பார்ட்டி அடுத்து யாருக்குப் போன் செய்வார்? அந்தப் போன் போகும் இடங்களெல்லாம் ஒரே தொழில்.

கூலிக் கணக்கில் தெரியும் பலம்

இப்போது 'வாங்குபவர் பலம்' என்ற விசையை மட்டும் எடுத்து, கிட்டத்தில் பார்ப்போம். பரீட்சையில் எல்லோரும் "வாங்குபவர் பலம் அதிகம்" என்று ஒரு வரி எழுதுவார்கள். எவ்வளவு அதிகம், ஏன் என்பதைக் கணக்கு சொல்லும். எண்கள் நான் கணக்குக்காக வைத்தவை. உங்கள் ஊரில் விசாரித்து மாற்றிக்கொள்ளுங்கள்.

சாதா ஜெர்சி ஓட்டும் ஒரு யூனிட். ஆறு மெஷின், ஒவ்வொன்றும் நாளைக்கு 200 கிலோ, ஆக 1,200 கிலோ. கூலி கிலோவுக்கு 12 ரூபாய். நாள் வரவு 14,400. வாடகை, ஆள் சம்பளம், மெஷின் கடன் தவணை எல்லாம் சேர்த்து நாளுக்கு 9,000. மெஷின் ஓடினாலும் நின்றாலும் இது உண்டு. கரண்ட், ஊசி, எண்ணெய் என்று ஓடினால் மட்டும் ஆவது 2,000. மீதி 3,400 ரூபாய்.

பார்ட்டி வந்து, "கிலோவுக்கு ரெண்டு ரூபா கம்மி பண்ணுங்க, பக்கத்துல 10 ரூபாய்க்கு ஓட்டறாங்க" என்கிறார். சம்மதித்தால் வரவில் 2,400 போய், கையில் 1,000 நிற்கும். கூலி குறைந்தது ஆறில் ஒரு பங்குதான். ஆனால் லாபத்தில் பத்தில் ஏழு பங்கு போய்விட்டது. மறுத்து, வேறு வேலையும் வராவிட்டால்? மெஷின் நிற்கும், 9,000 கையை விட்டுப் போகும். ஆயிரம் ரூபாய் லாபமா, ஒன்பதாயிரம் நட்டமா என்று நிற்கும் மனிதர் சம்மதிப்பார். பார்ட்டிக்கும் அது தெரியும்.

இதை எழுதிய பிறகு மற்ற விசைகள் தாமாகவே வந்து பொருந்தும். பழைய மெஷின் வாங்கிக் கடனில் ஒரு ஷெட் போட்டால் யாரும் இந்தத் தொழிலில் நுழையலாம். நுழைந்தவர் தவணை கட்டியாக வேண்டும், அதனால் கூலி குறைந்தாலும் ஓட்டுவார். எல்லோரும் அதே போல ஓட்டுவதால் போட்டி கடுமை. நான் பார்த்த உரிமையாளர் கோட்டுத் துணிக்கு ஒதுங்கியது இந்தச் சுழலிலிருந்து தப்பத்தான். அதற்கு வேறு மெஷின் வேண்டும், நிறம் மாற்றி மாற்றி நூல் கோக்கத் தெரிந்த ஆள் வேண்டும். பக்கத்தில் அது இரண்டும் உள்ளவர்கள் குறைவு.

ஒரு விசையை இப்படி எண்ணோடு எழுதினால் போதும். ஐந்தையும் மேலோட்டமாகத் தொட்ட அறிக்கையைவிட அது நன்றாக இருக்கும் என்பது என் அனுபவம்.

பக்கத்து கம்பெனிக்கும் இருப்பது

அடுத்து வருவது உள்ளே பார்க்கும் கோட்பாடு. ஜே பார்னி 1991இல் இதை ஒழுங்குபடுத்தினார். ஒரு கம்பெனியிடம் உள்ள வளம் மதிப்புள்ளதா, அரிதா, மற்றவர் நகலெடுக்கக் கடினமா, அதைப் பயன்படுத்தும் ஏற்பாடு கம்பெனிக்குள் இருக்கிறதா என்று, அவர் பிறகு தந்த வடிவத்தில் கேட்க வேண்டும்.

கொங்கு மாணவர்கள் இங்கேதான் அதிகம் யோசிக்க வேண்டும், ஏனென்றால் நம்முடையது கூட்டுத்தொழில் பூமி, ஒன்றையொன்று சார்ந்த பட்டறைகள் ஒரே ஊரில் கூடியிருக்கும் இடம். கோவையைப் பாருங்கள். கரிசல் நிலத்தில் பருத்தி, 1888இலேயே நூற்பு மில், 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மேலும் மில்கள். மில் மெஷினைப் பழுதுபார்க்கப் பட்டறைகள், பட்டறைகளுக்கு வார்ப்படம் கொடுக்க பவுண்டரிகள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால் கிணற்றுப் பாசனம், அதற்கு பம்ப்செட். பம்ப்புக்கு வேண்டிய மோட்டார், வார்ப்பு, கடைசல் தெரிந்த கைகளே பிறகு வெட் கிரைண்டரும் செய்தன. கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருள்.

இப்போது ஒரு கோவை பம்ப் கம்பெனியைப் பற்றி எழுதும்போது, "திறமையான தொழிலாளர்கள், பக்கத்திலேயே பவுண்டரி" என்று அதன் பலமாகப் போடலாமா? அகமதாபாத் கம்பெனியோடு ஒப்பிடும்போது அதை விசாரிக்கலாம். கணபதியிலோ பீளமேட்டிலோ உள்ள இன்னொரு பம்ப் கம்பெனியோடு ஒப்பிட்டால் போட முடியாது, அவருக்கும் அதே பவுண்டரி, அதே ஆட்கள். ஊருக்கே உள்ள பலத்தையும் கம்பெனிக்கு மட்டும் உள்ள பலத்தையும் பிரிக்காத அறிக்கைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு பலத்துக்கும் எதிரே "யாரோடு ஒப்பிட்டு?" என்று ஒரு பெயர் எழுதுங்கள். பாதி வரிகள் தாமே விழுந்துவிடும். மிச்சமிருப்பவைதான் உங்களுக்கு வேண்டியவை.

இதே பகுதியில் படிக்க வேண்டிய இன்னொருவர் சி.கே.பிரகலாத். 1941இல் கோயம்புத்தூரில் பிறந்தவர், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர், 2010இல் காலமானார். கேரி ஹாமெலுடன் சேர்ந்து 1990இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் 'கோர் காம்பிடன்ஸ்' என்ற சொல் உலகெங்கும் பரவியது. கம்பெனியை அது விற்கும் பொருள்களின் பட்டியலாகப் பார்க்காமல், பல பொருள்களுக்கும் அடியில் வேராக இருக்கும் திறமையாகப் பாருங்கள் என்றார்கள். ஆங்கிலம் கடினமாக இல்லை. இரண்டு முறை படியுங்கள். நம் ஊரில் பிறந்த ஒருவர் இந்தத் துறையின் போக்கையே மாற்றியிருக்கிறார் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தரும்.

தானே செய்வதா, வெளியே கொடுப்பதா

ஒரு வேலையைக் கம்பெனிக்குள் செய்வதா, வெளியே ஒப்பந்தம் போடுவதா என்ற கேள்வியை 1937இல் பொருளாதார அறிஞர் ரொனால்ட் கோஸ் எழுப்பினார், ஆலிவர் வில்லியம்சன் விரிவாக்கினார். 1991இலும் 2009இலும் முறையே நோபல் பரிசு பெற்றார்கள். புத்தகத்தில் வறட்சியாக இருக்கும் பகுதி இது. பல்லடம், உடுமலைப் பக்கம் உள்ளவர்கள் கோழிப்பண்ணைக்குப் போய்ப் படியுங்கள்.

உடுமலைப்பேட்டையில் 1984இல் சிறிய அளவில் தொடங்கிய சுகுணா போன்ற கம்பெனிகள் கறிக்கோழி ஒப்பந்த வளர்ப்பைப் பெரிதாக வளர்த்தன. குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையது. ஷெட், தண்ணீர், கரண்ட், உழைப்பு விவசாயியுடையது. வளர்ந்த கோழியைக் கம்பெனியே எடுத்துக்கொண்டு கிலோவுக்கு வளர்ப்புக் கூலி தரும். பெரியம்மா வீட்டில் ஒரு ஷெட் இருக்கிறது. கதவருகே ஆணியில் ஒரு நோட்டுத் தொங்கும். எத்தனை மூட்டை தீவனம், எத்தனை குஞ்சு இறந்தது என்று அதில் தினமும் எழுத வேண்டும். கம்பெனி சூப்பர்வைசர் வந்தால் முதலில் கோழியைப் பார்க்க மாட்டார், நோட்டைத்தான் பார்ப்பார்.

அந்த நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்து யோசியுங்கள். கறிக்கோழி விலை விழுந்தால் யாருக்கு அடி? கம்பெனிக்கு. அடுத்த பேட்ச் குஞ்சு தாமதமானால்? ஷெட் காலியாக நிற்கும், விவசாயியின் கடன் வட்டி ஓடும். கோழிக்காகக் கட்டிய நீளமான ஷெட்டை வேறு எதற்கும் சுலபமாக மாற்ற முடியாது. வில்லியம்சன் சொல்லும் 'ஒரே பயனுக்கான முதலீடு' இதுதான். கம்பெனி ஏன் தானே ஷெட் கட்டவில்லை? கட்டினால் நிலத்திலும் கட்டடத்திலும் பணம் முடங்கும். ராத்திரி எழுந்து குஞ்சைப் பார்க்கும் அக்கறை சம்பள ஆளிடம் கிடைக்காது. அதே கம்பெனி தீவன ஆலையையும் குஞ்சு பொரிப்பகத்தையும் ஏன் தன்னிடமே வைத்திருக்கிறது? இந்த இரண்டு கேள்விக்கும் ஒரே தர்க்கத்தில் பதில் எழுத முடிந்தால் இந்தப் பகுதி உங்களுக்கு வந்துவிட்டது.

2011 ஜனவரி

திருப்பூரில் சூழலியல் விதிகளை உத்திப் பாடத்துக்கு வெளியே வைக்க முடியாது. நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறியவர்கள் மட்டுமே திரும்ப இயங்க முடிந்தது. சாயம் போட வெளியூருக்குத் துணி போனது, ஷிப்மென்ட்கள் தள்ளின.

இதை வெறும் 'அச்சுறுத்தல்' என்று ஒரு கட்டத்தில் எழுதிவிட்டுக் கடக்காதீர்கள். நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயக் கழிவுத் தண்ணீரால் நிலம் இழந்த விவசாயிகள் பல ஆண்டுகள் போராடி வாங்கிய உத்தரவு அது. தொழில் தன் செலவின் ஒரு பகுதியை அவர்கள் தலையில் வைத்து விலையைக் குறைத்து விற்றிருந்தது. கேஸாக எழுதினால் கேள்வி இப்படி இருக்கட்டும்: உத்தரவு வருவதற்கு ஐந்து ஆண்டு முன்பு ஒரு ஏற்றுமதியாளர் சொந்தமாகச் சுத்திகரிப்பு வைத்த சாயப்பட்டறை கட்டியிருந்தால், அந்த ஐந்து ஆண்டும் அவருக்கு எவ்வளவு கூடுதல் செலவு, 2011இல் எவ்வளவு லாபம்? எங்கள் வகுப்பில் இந்தக் கேள்விக்கு இரண்டு மணி நேரம் பேசினோம்.

பட்டறைக்குப் போகும்போது

நேரில் போவதற்கு முன் காகிதத்தில் கிடைப்பதை எடுத்துவிடுங்கள். பங்குச்சந்தையில் உள்ள கம்பெனிகளின் ஆண்டறிக்கைகள் இலவசம். கோவை எல்ஜி எக்விப்மென்ட்ஸ் 1960இல் தொடங்கிய ஏர் கம்ப்ரசர் கம்பெனி. 2012இல் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் கம்பெனிகளை வாங்கியது, 2019இல் தர நிர்வாகத்துக்கான டெமிங் பரிசு பெற்றது. இங்கிருந்தே ஏற்றுமதி செய்யாமல் அங்கே ஏன் வாங்க வேண்டும்? கம்ப்ரசர் நின்றால் ஆலையே நிற்கும், வாங்குபவருக்கு சர்வீஸ் பக்கத்தில் வேண்டும் என்பதிலிருந்து தொடங்குங்கள். நூலிலிருந்து ஆயத்த ஆடைக்கும், பிறகு சர்க்கரைக்கும் போன கே.பி.ஆர். மில் அறிக்கைகள் இன்னொரு நல்ல பயிற்சி. ஆடைக்குப் போனதற்கும் சர்க்கரைக்குப் போனதற்கும் ஒரே காரணம் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

சிறிய யூனிட்டுகளுக்கு அறிமுகத்தோடு போங்கள். சித்தப்பா, மாமா, அப்பாவின் நண்பர் யாராவது இருப்பார்கள். திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள், அன்று போகாதீர்கள். ஷிப்மென்ட் நெருக்கத்திலும் வேண்டாம். சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணி வாக்கில் கொஞ்சம் ஓய்வு இருக்கும்.

டர்ன்ஓவர் எவ்வளவு என்று தொடங்கவே கூடாது. நான் ஒரு இடத்தில் முதல் கேள்வியாக அதைக் கேட்டேன். டீ வந்தது, பேச்சு நின்றுவிட்டது. பிறகு நான் கேட்கப் பழகிய கேள்விகள் வேறு. "கடைசியா எந்த ஆர்டரை வேண்டாம்னீங்க?" "எந்தப் பார்ட்டி போனா உங்களுக்குத் தூக்கம் வராது?" "போன வருசத்துக்கும் இந்த வருசத்துக்கும் எதை நிறுத்தினீங்க?" இவற்றுக்கு மனிதர்கள் கதையாகப் பதில் சொல்வார்கள். எண்கள் கதைக்குள் தாமே வரும்.

திட்டமிட்டுத்தான் எல்லாம் நடந்தது என்று முடிவுகட்டாதீர்கள். கோட்டுத் துணி உரிமையாளரிடம் அந்த முதல் மெஷினை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டேன். "தேர்ந்தெல்லாம் எடுக்கலீங்க. ஒருத்தரு பாக்கிக்குப் பதிலா குடுத்துட்டுப் போனதுங்க" என்றார். ஓட்டிப் பார்த்தார், பார்ட்டிகள் தேடி வந்தார்கள், அதன் பிறகு மூன்று மெஷினைத் தெரிந்தே வாங்கினார். உத்தி சில நேரம் நடந்து முடிந்த பிறகே உருவம் பெறுகிறது என்று கனடா நாட்டு நிர்வாகவியல் அறிஞர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் எழுதியதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அனுமதி இல்லாமல் பெயர், எண்கள், படம் எதையும் அறிக்கையில் போடக்கூடாது. இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம்.

அறிக்கை எழுதுவது

கேள்வியை ஒரு முடிவாக எழுதுங்கள். "இந்த யூனிட்டின் உத்தியை ஆராய்தல்" என்று போட்டால் எங்கும் போகாது. "நாலு மெஷின் உள்ள இந்த யூனிட் கடன் வாங்கி இரண்டு சாதா ஜெர்சி மெஷின் போடலாமா?" என்று போட்டால் ஒவ்வொரு பக்கமும் அதற்கு வேலை செய்யும். சாத்தியமான வழிகளை எழுதும்போது 'இப்படியே இருப்பது' என்பதையும் ஒரு வழியாகச் சேருங்கள், அதற்கும் செலவு உண்டு. பரிந்துரைக்குப் பிறகு, எது நடந்தால் உங்கள் பரிந்துரை தவறாகும் என்று ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். மதிப்பெண் பிரிவதே பெரும்பாலும் அந்தப் பத்தியில்தான்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் தமிழில் யோசித்து, தமிழிலேயே ஒரு வரைவு எழுதுங்கள். 'காம்பெட்டிடிவ் அட்வான்டேஜ்' என்று எழுதிவிட்டால் புரிந்தது போல இருக்கும். "பக்கத்துக்காரரை விட்டு இவரிடம் ஏன் வருகிறார்கள்?" என்று தமிழில் எழுதினால் பதில் தெரியுமா தெரியாதா என்பது உடனே தெரிந்துவிடும். ஆங்கிலத்துக்கு அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். நான் இப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

சமர்ப்பிக்கும் முன், உங்களுக்கு நேரம் கொடுத்தவரிடம் அறிக்கையைத் தமிழில் படித்துக் காட்டுங்கள். நான் காட்டினேன். இரண்டு மெஷின் போடலாம் என்பது என் பரிந்துரை. நெற்றியைத் தடவிக்கொண்டு கடைசி வரை கேட்டார்.

"எல்லாஞ் சரி கண்ணு. அந்த மூணாவது பக்கத்துல ஊசிச் செலவை வருசத்துக்கு ஒருக்கா போட்டிருக்கீங்க. நாங்க அதுக்குள்ள ரெண்டு செட்டு மாத்துவோமுங்க. கோட்டுத் துணியை நிறுத்தற நாளுக்கான நட்டத்தையும் காணோம்."

இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். புது மெஷினின் தவணை போக மாதம் எதுவும் நிற்கவில்லை. சமர்ப்பிக்க இரண்டு நாள் இருந்தது. கடைசி நாலு பக்கத்தையும் முதலிலிருந்து எழுதினேன்.